தம்பிக்காக வந்த அக்கா

கன்னிவாடி
10.06.2024

அன்புள்ள அமலி அக்காவுக்கு,

தம்பி சிலுவைராஜ் எழுதுவது. இங்கே நான், ரெஜினா, ஜெனிட்டா மூவரும் ஆண்டவர் புண்ணியத்தில் நலம். உன் நலத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. அம்மாவின் நினைவுப் பூசையன்று நானே கண்ணால் பார்த்துவிட்டதால் கேட்கவில்லை.

கோயிலில் பெஞ்சிலிருந்து நீ சரிந்து விழுந்ததை வெயில் மயக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சாமியார் நம்பினார். ரெஜினாவின் அண்ணன் நம்பவில்லை. உன்னைத் தூக்கி உட்கார வைத்தவர் அவர்தான். அவருக்கு மூக்கு இருக்கிறது.

உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். கண்ட நேரத்தில் கூப்பிட்டு நீ அழுவதும், மறுநாள் கேட்டால் "நான் எப்படா பேசினேன்?" என்பதும் எனக்குச் சலித்துப்போயிற்று. எழுது, படிக்கிறேன். குடித்துவிட்டு எழுதினால் கையெழுத்தே சொல்லிவிடும்.

ஜெனிட்டாவுக்குத் திண்டுக்கல்லில் ஓர் இடம் பேசி வருகிறோம். பையன் பெயர் ஆக்னல், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. பையனின் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "குடிக்கிற வீடாக இருக்கக் கூடாது." ஜெனிட்டாவுக்கு அத்தை என்று இருப்பது நீ ஒருத்திதான். நிச்சயத்தன்று நீ நிற்க வேண்டும், விழக் கூடாது.

குடியை விடுவதற்குக் கூட்டம் நடத்துகிறார்களாம். மருந்து மாத்திரை கிடையாது. குடித்துப் பிறகு அதை விட்டவர்களே உட்கார்ந்து பேசுவார்களாம். கொடைக்கானலில் கட்டாயம் இருக்கும் என்று எங்கள் கடைக்கு வரும் உரக் கம்பெனி ஆள் சொன்னார். தேடு. போ. போய்விட்டு எழுது.

பொறுமை தீர்ந்துபோன தம்பி,
சிலுவைராஜ்


வட்டக்கானல்
25.06.2024

தம்பி சிலுவைராஜுக்கு அக்கா அமலியின் ஆசீர்வாதம்.

நான் நலம். நம்பாவிட்டால் கையெழுத்தைப் பார்த்துக்கொள். ரெஜினாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

"கட்டாயம் இருக்கும்" என்று சொன்ன அந்த உரக் கம்பெனி ஆளை இங்கே அனுப்பி வை. என்னோடு மழையில் அலையட்டும்.

கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "குடியிலிருந்து விடுதலை, செவ்வாய் மாலை 5 மணி, கோயில் பின்புற அறை." எந்த வருஷத்துச் செவ்வாய் என்று போடவில்லை. கெஸ்ட் ஹவுஸில் பொய் சொல்லி லீவு கேட்டு, ஜீப்பில் இடித்துக்கொண்டு போனேன். அறை நிறையத் தையல் மெஷின். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கீங்களாக்கா?" என்றாள். கூட்டம் அங்கிருந்து போய் ரெண்டு வருஷம் ஆகிறதாம். தாளைக் கிழிக்க ஒருத்தருக்கும் கை வரவில்லை.

பக்கத்து கெஸ்ட் ஹவுஸில் வெள்ளைக்காரர்கள் இதே மாதிரி ஒரு கூட்டம் போடுகிறார்கள் என்றார்கள். போனேன். தரையில் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடச் சொன்னார்கள். எல்லாம் இங்கிலீஷ். கடைசியில் ஓர் அம்மா என்னைக் கட்டிப் பிடித்து அழுதது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, கால் மரத்துப்போனதால்.

தாளில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஓர் ஆண் எடுத்தார்.

"யாருக்குங்க, வீட்டுக்காரருக்கா?"

"அது வந்துங்க..." என்று இழுத்தேன்.

"கவலப்படாதீங்கம்மா. வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு மூஞ்சிக்கல்லுல பழைய பள்ளிக்கூடத்துக்கு அவரக் கூட்டிட்டு வாங்க. அடம் பிடிச்சா நாங்க ரெண்டு பேரு வீட்டுக்கே வர்றோம்."

சரிங்க என்று வைத்துவிட்டேன். இல்லாத புருஷனை எங்கே போய்க் கூட்டிக்கொண்டு வருவது? பொம்பளை குடிப்பாள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றாதவரைக்கும் நல்லதுதான்.

ஜெனிட்டாவுக்கு என் முத்தம்.

அக்கா,
அமலி


கன்னிவாடி
04.07.2024

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். முட்டிவலி அப்படியே இருக்கிறது.

நான் கேட்டது கூட்டத்துக்குப் போனாயா என்று. நீ எழுதியிருப்பது தையல் டீச்சர் கதை. வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டார்களே, ஏன் போகவில்லை? வாசலில் நின்று, "எனக்குத்தான்" என்று சொல். ஒரு வார்த்தை. அதற்கு நாக்கு வராதா?

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

தம்பி,
சிலுவைராஜ்


வட்டக்கானல்
21.07.2024

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலம். இங்கே மழை விடவே இல்லை. போட்டிருக்கிற துணியும் காயவில்லை, கொடியில் கிடக்கிற துணியும் காயவில்லை.

போய்விட்டேன். நிம்மதியா?

பழைய பள்ளிக்கூடத்தில் ரெண்டு வகுப்பறை. ஒன்றில் ஆண்கள், ஒன்றில் பெண்கள். ஆண்கள் பக்கம் பார்த்தபடி நின்றேன். பூம்பாறைக்காரி ஒருத்தி, தேவசேனா என்று பெயர், என் கையைப் பிடித்து, "இந்தப் பக்கம் வாங்கக்கா, நனையாதீங்க" என்று பெண்கள் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பூண்டுக் காட்டில் வேலை செய்த கை, சொரசொரப்பாக, சூடாக இருந்தது.

ஒவ்வொருத்தியும் வீட்டுக் கதையைச் சொன்னாள். யாரும் குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. "இங்க கேட்டது இங்கயே" என்பது ஒன்றுதான் சட்டம். என்னையும் கேட்டார்கள். நானும் சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. முருகேஸ்வரி என்கிற அம்மா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் என் முகத்தை அப்படி ஒருத்தர் துடைத்ததில்லை.

அடுத்த வியாழனும் போவேன்.

அக்கா,
அமலி


கன்னிவாடி
03.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலத்தை உண்மையாகவே கேட்கிறேன்.

கடிதத்தை ரெஜினாவிடமும் காட்டினேன். "பரவாயில்லையே" என்றாள். அவள் வாயிலிருந்து அது வந்ததே பெரிது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் என்ன சொன்னாய் என்று நீ எழுதவில்லை. கெஸ்ட் ஹவுஸில் விருந்தாளிகள் மிச்சம் வைத்துவிட்டுப் போகிற பாட்டிலில் தொடங்கியதே, அதைச் சொன்னாயா? பூசையன்று விழுந்ததைச் சொன்னாயா? குடி நின்றுவிட்டதா, இல்லையா?

ஆக்னலின் வீட்டார் போன வாரம் வந்து பெண் பார்த்துப் போனார்கள். பிடித்திருக்கிறது. மற்றதை விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

அன்புடன்,
சிலுவைராஜ்


வட்டக்கானல்
24.08.2024

அன்புத் தம்பிக்கு ஆண்டவரின் சமாதானம்.

நலம். ஜெனிட்டா விஷயம் கேட்டு மனம் குளிர்ந்தது.

வாரம் தவறாமல் போகிறேன். பூசையன்று விழுந்ததையும் சொன்னேன், பாட்டிலையும் சொன்னேன். உன்னைப் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறேன். எல்லாரும் உன்னை அன்பாக விசாரிக்கிறார்கள். முருகேஸ்வரி இந்து, ஆனாலும் உனக்காக நம் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பழனிக்கும் நேர்ந்திருக்கிறாளாம்.

குடி குறைந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்காதே.

அக்கா,
அமலி


கன்னிவாடி
10.09.2024

அமலி அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல் இல்லை.

நேற்றுச் சந்தை நாள். கடையில் ஐந்தாறு விவசாயிகள் நிற்கிறார்கள். கத்தரி விதை வாங்க வந்த ஒரு பெண் போகாமல் நின்றாள். "அண்ணே, சொன்னா கோவிச்சுக்கிட மாட்டீங்களே? அந்தச் சனியன விட்டுருங்கண்ணே."

"எந்தச் சனியனம்மா?"

"குடியத்தாண்ணே. மலையில ஒங்க அக்கா வாராவாரம் ஒங்களுக்காக அழுகுதாம். எங்க அக்கா முருகேஸ்வரி சொல்லுச்சு. அம்மாவோட நெனவுப் பூசையில கோயில்லயே விழுந்துட்டீங்களாமே."

தராசில் விதை போட்டுக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் என்னை உற்றுப் பார்த்து, "அதான் கண்ணு செவந்து கெடக்கா?" என்றார். எனக்கு ஒரு வாரமாகக் கண்வலி, அக்கா. மெட்ராஸ் ஐ.

ஏக்கா, நான் உனக்கு என்ன பாவம் செய்தேன்? பீடியைக்கூடத் தொட்டதில்லையே. நீ போய் உட்கார்ந்தது குடிக்கிறவர்களின் குடும்பத்தார் கூட்டமாம். அங்கே போய் என்னைக் குடிகாரனாக்கி வைத்திருக்கிறாய். "இங்க கேட்டது இங்கயே" என்று எழுதினாயே, அது மலையிறங்கிக் கன்னிவாடிச் சந்தைக்கே வந்துவிட்டது. தரகர் இன்று காலையில் போன் செய்தார். திண்டுக்கல்காரர்கள் இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும் என்கிறார்களாம். ரெஜினா அழுகிறாள். ஜெனிட்டா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்கப்பா" என்கிறாள். எதை விடுவது?

வருகிற வியாழக்கிழமை நானே வருகிறேன். அத்தனை பேர் முன்னால் குடிக்கிறது யார் என்று சொல்லிவிட்டுத்தான் மலையிறங்குவேன்.

சிலுவைராஜ்


வட்டக்கானல்
01.10.2024

தம்பிக்கு,

நலம் என்று எழுதினால் பொய். உன்னிடமிருந்து கடிதம் இல்லை.

நீ வருவதாக எழுதிய வியாழக்கிழமை நான் போகவில்லை. பயந்துபோய் அறையைப் பூட்டிக்கொண்டு குடித்தேன். அதற்கடுத்த வியாழனும் போகவில்லை. மூன்றாவது வாரம் தேவசேனாவே என்னைத் தேடிக்கொண்டு வட்டக்கானலுக்கு வந்துவிட்டாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒங்க தம்பி வந்தாருக்கா! வந்ததும் வாசல்ல நின்னுக்கிட்டு, 'நான் குடிக்கிறவன் இல்லைங்க'ன்னாரு. எங்களுக்குச் சிரிப்பு தாங்கல. எங்க வீட்டுக்காரரும் மொத நாளு அதத்தான சொன்னாரு! குடிக்கிறவங்க ரூமுக்குள்ள தள்ளி விட்டோம். கடைசி வரைக்கும் இருந்தாருக்கா."

உள்ளே நடந்ததை அவள் புருஷன் அவளிடம் சொன்னானாம். கூட்டத்தை நடத்துகிறவர் ரிட்டயர்டு பஸ் டிரைவர், திருமலைச்சாமி. அவர் உன்னிடம், "பேரு சொல்லணும்னு கட்டாயம் இல்ல தம்பி, சொல்லணும்னு தோணுறதச் சொல்லலாம்" என்றாராம். நீ எழுந்து நின்றாயாம். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்று உட்கார்ந்துவிட்டாயாம். கூட்டம் முடிந்து எல்லாருடைய டீ கிளாஸையும் நீயே கழுவி வைத்தாயாம்.

ஏன்டா சொல்லவில்லை?

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், நம்பினால் நம்பு. முதல் நாள் தேவசேனா, "யாருக்காக வந்திருக்கீங்க, வீட்டுக்காரரா?" என்றாள். இல்லை என்றேன். "மகனா?" எனக்கு ஏது மகன். "தம்பியா?" என்றாள். ஆமாம் என்று வந்துவிட்டது. எனக்கு இருப்பது நீ ஒருத்தன்தானே. அப்புறம் நான் சொன்னது எல்லாமே உண்மை. ஆள்தான் மாறிவிட்டது. அவர்கள் அழுதது உனக்காக இல்லை. எனக்கு நடந்ததைக் கேட்டு அழுதார்கள். அதை விட்டுவிட மனம் வரவில்லை.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

அமலி


கன்னிவாடி
14.10.2024

அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். செம்பட்டி போய், வத்தலக்குண்டு போய், மலையேறி வந்ததே சொல்லத்தான். பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். எழுந்தும் நின்றுவிட்டேன்.

எனக்கு முன்னால் ஒருத்தர் பேசினார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே, இன்றைக்கு ஒளிய வேண்டுமா வேண்டாமா என்று பிள்ளைகள் முடிவு செய்யுமாம். அதைச் சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார், முடிக்க முடியவில்லை. ஒருத்தரும் அவரை அவமானமாகப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு என் முறை. என் அக்காதான் குடிக்கிறாள் என்று நான் வாயைத் திறந்துவிட்டால், நீ அந்த வாசலை இனி மிதிக்க மாட்டாய். அந்த மலையில் வேறு வாசல் கிடையாது என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நீதான்.

அதனால் உட்கார்ந்துவிட்டேன். பெரிய தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே. கீழே வருகிற வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன். இப்போதும் திட்டுகிறேன். இங்கே சந்தையில் என்னைப் பார்த்து, "இப்ப எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

சிலுவைராஜ்


வட்டக்கானல்
17.11.2024

அன்புத் தம்பிக்கு,

நலம். நிஜமாகத்தான்.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், எழுதுவதற்கு ஏதாவது செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். ரெண்டு வியாழன் வாசல்வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது வியாழன் உள்ளே போய், உட்காராமலே சொன்னேன். "என் தம்பி குடிக்க மாட்டான். குடிக்கிறது நான். கோயில்ல விழுந்தது நான்."

முருகேஸ்வரி எழுந்துவிட்டாள். "எம் முந்தானையால ஒம் மூஞ்சியத் தொடச்சேனே! அந்த நல்ல மனுசன எந் தங்கச்சி சந்தையில வச்சு என்னென்ன சொன்னாளோ!" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நானும் பையை எடுத்தேன்.

தேவசேனா விடவில்லை. "இங்க இருந்து போறதுனா அந்த ரூமுக்குத்தாங்கா போகணும்" என்று கையைப் பிடித்து நடுவாசல் வழியாக ஆண்கள் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அத்தனை ஆம்பளைகள். புருஷனுக்குப் பக்கத்தில் உட்காராமல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். திருமலைச்சாமி, "அண்ணன் தம்பிமார்களே" என்று தொடங்கினார். என்னைப் பார்த்தார். கொஞ்சம் திணறினார். "அக்காவும்" என்றார். யாரோ ஒருத்தர் நல்ல நாற்காலியாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார்.

சொன்னேன்டா. கெஸ்ட் ஹவுஸ் பாட்டிலில் இருந்து உன் கண்வலி வரைக்கும். கண்வலிக்குச் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து தொடவில்லை. ராத்திரியில் உடம்பு உதறும்போது தேவசேனாவுக்குப் போன் போடுகிறேன். போன வாரம் முருகேஸ்வரி வந்திருந்தாள். என்னோடு பேசவில்லை. எல்லாருக்கும் டீ கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்கா,
அமலி


கன்னிவாடி
12.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ரெஜினா, ஜெனிட்டா, நான் எல்லாரும் நலம்.

"வேறு விசேஷம் ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வந்த மறுநாள் ஆக்னலின் அப்பாவும் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். விசேஷத்தை அவர்கள் சொன்னார்கள். நீ முதல் பஸ் பிடித்துத் திண்டுக்கல் போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினாயாம். காபிகூட வாங்கவில்லையாம். "நீங்க விசாரிச்சது எந் தம்பியப் பத்தி இல்ல, என்னையப் பத்தி" என்றாயாம்.

அந்த அம்மா உன்னிடம், "இனிமே குடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டதாம். "இன்னைக்குக் குடிக்கலம்மா. நாளைக்குச் சத்தியம் பண்ணிக் குடுக்க என்னால முடியாது. வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போறேன், அத மட்டும் சொல்ல முடியும்" என்றாயாம். ஒரு பொய்யாவது சொல்லிவிட்டு வரக் கூடாதா, அக்கா? என்னைப் பற்றி மட்டும் அத்தனை சரளமாகச் சொன்னாயே.

ஆக்னலின் அப்பா, "இத வந்து சொல்ற வீட்டுல வேற எதையும் ஒளிக்க மாட்டாங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே அந்த அம்மா, "ஆனா நிச்சயத்துல அவங்க முன்னால நிக்க வேண்டாம். பின்னாடி இருந்துக்கிடட்டும்" என்றது. காபி கொண்டு வந்த ரெஜினா தட்டைக் கீழே வைத்தாள். "அத்தை நின்னு தட்டு மாத்தாம எங்க வீட்டுல நிச்சயம் நடக்காதுங்க. பிள்ளைக்கு இருக்கறது ஒரே அத்தை." யார் சொன்னது? ரெஜினா! ஆறு மாதமாக உன் பெயரைச் சொன்னாலே சமையலறைக்குள் போய்விடுகிறவள். அவர்கள் போனபின், இதை முதலில் சொல்ல எனக்கு வாய் இல்லையா என்று அன்று முழுக்க என்னைத்தான் திட்டினாள்.

ரெண்டு வாரம் ஒரு தகவலும் இல்லை. எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியதுதான் மிச்சம். ஜெனிட்டா மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினாள். நேற்று ஆக்னலின் அப்பா போன் செய்தார். சம்மதமாம். அத்தையே தட்டு மாற்றட்டுமாம். தையில் ஒரு வியாழக்கிழமையைக் குறித்துவிட்டோம், சாமியாரிடமும் கேட்டாயிற்று என்றார்.

வியாழக்கிழமை ஆகாதுங்க என்றேன்.

நம் கிறிஸ்தவ ஆட்களில் யார் நல்ல நாள் பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்திருப்பார். ஏன் என்று கேட்டார்.

அக்காவுக்கு அன்றைக்குச் சோலி இருக்கிறது என்றேன்.

சனிக்கிழமைக்கு மாற்றியிருக்கிறார்கள். வெள்ளனே வந்து சேர்.

தம்பி,
சிலுவைராஜ்